ஆரவாரம் யாருடைய காதில் விழுகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர் மைதானங்களில் உதைபந்தாட்டம் பார்க்க வருகிறவர்களில் பலருக்கு இருக்கை கிடையாது. பக்கக் கோட்டுக்கு இரண்டடி தள்ளி நிற்பார்கள், சைக்கிளை நிறுத்தி அதன் கரியரில் இருப்பார்கள், மதிலில் ஏறுவார்கள். ஒலிபெருக்கியில் வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். கோர்னர் உதைக்கப் போகிற வீரன் நிற்கிறவர்களை விலக்கித்தான் தனக்கு இடம் எடுக்க வேண்டும். குருநகர் பாடும்மீன், பாஷையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று கழகத்தின் பெயருக்கு முன்னால் ஊரின் பெயர் நிற்கிறது. அணி தோற்றால் ஊர் தோற்றதாகவே பேச்சு எழும்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அரியாலையில் நடந்த ஓர் ஆராதனைக் கூட்டத்தோடு தொற்று குடாநாட்டுக்குள் நுழைந்திருந்தது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் அபாய வலய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மைதானங்கள் அடங்கின. சில வாரங்கள் கழித்து ஐரோப்பாவில் பந்து மறுபடி உருளத் தொடங்கியபோது, அது பார்வையாளர் இல்லாமல் உருண்டது. தொலைக்காட்சி ஒளிபரப்புப் பணத்தை இழக்க முடியாத லீக்குகளுக்கு அது ஒன்றே வழி. அந்த வருமானம் இல்லாத யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் வெறும் மைதானத்தில் ஆட்டம் நடத்தப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை. இங்கு கூட்டம் வந்தால்தான் ஆட்டம்.

ஆனால் அந்த வெறும் மைதானங்கள் விளையாட்டு ஆய்வாளர்களுக்கு அதுவரை இவ்வளவு பெரிய அளவில் கிடைக்காத ஒரு வாய்ப்பைக் கொடுத்தன. சொந்த மைதானத்தில் ஆடும் அணி அதிகம் வெல்கிறது என்பது பழைய செய்தி. ஏன் வெல்கிறது என்பதில்தான் தகராறு. பழகிய தரையா, பயணக் களைப்பு இல்லாததா, கூட்டத்தின் சத்தமா? மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்ததால் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினமாக இருந்தது. 2020இல் தரையும் பயணமும் அப்படியே இருக்க, கூட்டம் மட்டும் எடுக்கப்பட்டது.

ஜேர்மனியும் இங்கிலாந்தும்

ஜேர்மனியின் புண்டஸ்லிகா 2020 மே 16ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. முதல் மூன்று சுற்றுகளில் நடந்த 27 ஆட்டங்களில் சொந்த மைதானத்து அணி வென்றவை ஐந்து மட்டுமே. முதற் சுற்றில் டோர்ட்முண்ட் ஒன்றுதான் தன் மண்ணில் வென்றது. ஷால்க அணியை 4 – 0 என்ற கணக்கில் அது வீழ்த்தியபோது, வழக்கமாக மஞ்சள் நிறத்தில் அலையடிக்கும் அதன் தெற்குப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

இங்கிலாந்தில் அடுத்த பருவம் இன்னும் தெளிவாகப் பேசியது. 2020–21 பிரீமியர் லீக்கின் 380 ஆட்டங்களில் பெரும்பாலானவை கூட்டமில்லாமல் நடந்தன. வெளியிலிருந்து வந்த அணிகள் 153 ஆட்டங்களில் வென்றன. சொந்த மைதானத்து அணிகளோ 144 ஆட்டங்களில்தான் வென்றன. மீதி 83 சமனிலை. அந்நாட்டு முதற்பிரிவு உதைபந்தாட்ட வரலாற்றில் வந்தவர்கள் இருப்பவர்களைவிட அதிகம் வென்ற முதற் பருவம் அது. மன்செஸ்டர் யுனைட்டட் அந்த ஆண்டு வெளி மைதானங்களில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அன்ஃபீல்ட் மைதானத்தில் 68 லீக் ஆட்டங்களாகத் தோல்வியே காணாத லிவர்பூல், 2021 ஜனவரி 21ஆம் திகதி பேர்ன்லியிடம் தோற்றது. பின்னர் அதே மைதானத்தில் தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களில் தோற்றது. அந்தக் கழகத்தின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

இந்த எண்களைப் பார்த்ததும், ரசிகர்கள்தான் பன்னிரண்டாவது வீரர் என்று தீர்ப்பெழுதத் தோன்றும். ஆனால் லிவர்பூலின் தடுப்பரண் அந்தப் பருவத்தில் உபாதையால் உடைந்து கிடந்தது. வேர்ஜில் வான் டைக் ஒக்டோபரிலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறியிருந்தார். ஓர் அணியின் சரிவில் கூட்டத்தின் பங்கு எவ்வளவு, காயத்தின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஓர் அணியை வைத்துப் பிரிக்க இயலாது. அதற்கு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும்.

விசில் பிடித்தவரின் காது

அலெக்ஸ் பிரைசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 17 நாடுகளின் 23 தொழில்முறை லீக்குகளில் நடந்த ஆட்டங்களை எடுத்து, கூட்டம் இருந்தபோதும் இல்லாதபோதும் என்ன நடந்தது என்று ஒப்பிட்டார்கள். ஆட்ட முடிவுகளில் அவர்கள் கண்ட மாற்றம் பெரிதல்ல. பெரிய மாற்றம் மஞ்சள் அட்டையில் இருந்தது. மைதானம் வெறுமையாக இருந்தபோது, விருந்தினராக வந்த அணிக்குக் காட்டப்பட்ட மஞ்சள் அட்டைகள் சராசரியாக ஆட்டத்துக்கு மூன்றில் ஒன்று என்ற அளவில் குறைந்தன. அதாவது மூன்று ஆட்டங்களுக்கு ஓர் அட்டை.

இதற்கு முன்னோடி இத்தாலியில் இருக்கிறது. 2007 பெப்ரவரி 2ஆம் திகதி கட்டானியாவில் ரசிகர் கலவரத்தில் பிலிப்போ ரசீத்தி என்ற பொலிஸ் அதிகாரி கொல்லப்பட்டார். பாதுகாப்பு வசதி போதாத அரங்குகளில் பார்வையாளர் இல்லாமலே ஆட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அந்த ஆட்டங்களை ஆராய்ந்த சுவீடன் பொருளியலாளர்கள் பெர் பெட்டர்சன்-லிட்பொம், மிக்கேல் பிரிக்ஸ் இருவரும், வீரர்களின் ஆட்டத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை, மத்தியஸ்தரின் தீர்ப்புகள்தான் மாறின என்று எழுதினார்கள். கூட்டம் இல்லாதபோது மத்தியஸ்தர் சொந்த அணியைக் கூடுதலாகவும் வந்த அணியைக் குறைவாகவும் தண்டித்தார்.

அந்தச் சத்தம் மத்தியஸ்தருக்குள் என்ன செய்கிறது? 2002இல் வெளியான ஓர் ஆய்வில் அலன் நெவில் குழுவினர், தகுதிபெற்ற 40 மத்தியஸ்தர்களுக்கு லிவர்பூல் – லெஸ்டர் ஆட்டமொன்றின் ஒளிப்பதிவைக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமின்றி. சத்தம் கேட்டவர்கள் சொந்த அணிக்கு எதிராகக் கொடுத்த தவறுகள் 15.5 வீதம் குறைவாக இருந்தன. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வந்த அணிக்கு எதிராக அவர்கள் அடிக்கடி விசில் ஊதியதாகத் தெரியவில்லை. சந்தேகமான இடத்தில், சொந்த அணிக்கு எதிராக ஊதத் தயங்கினார்கள். பக்கம் சாய வேண்டும் என்ற எண்ணத்தில் வந்தது அல்ல அது. ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்தும்போது தன் கண்ணையே நம்பத் தயங்கும் இயல்பான மனித நிலை.

உபாதையீடு நேரத்திலும் இது தெரிகிறது. ஸ்பானிய லீக்கை ஆராய்ந்த லூயிஸ் கரிக்கானோ குழுவினர், சொந்த அணி ஒரு கோலால் பின்தங்கியிருக்கும்போது மத்தியஸ்தர் நேரத்தை நீட்டுகிறார், ஒரு கோலால் முன்னிலையில் இருக்கும்போது குறைக்கிறார் என்று 2005இல் காட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் எந்த மைதானத்துக் கோட்டோரத்தில் நிற்கும் பெரியவரும் இதை ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார்.

குடாநாட்டுக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு ஆய்வாளர் தோமஸ் டோமனுடையது. புண்டஸ்லிகாவில் சில அரங்குகளில் ஆடுகளத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே தடகள ஓட்டப் பாதை இருக்கும். சிலவற்றில் கூட்டம் கோட்டை ஒட்டியே இருக்கும். ஓட்டப் பாதை உள்ள அரங்குகளில் மத்தியஸ்தரின் சாய்வு குறைவு. கூட்டம் நெருங்கிய இடத்தில் அதிகம். கூட்டத்தின் அளவைப் போலவே அது நிற்கும் தூரமும் தீர்ப்பைப் பாதிக்கிறது.

வீரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா?

ஆகிறது, ஆனால் ஸ்கோர் பலகையில் அது நேராகத் தெரிவதில்லை. ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் அணியின் ஆட்டங்களைத் தொற்றுக்கு முன்னும் பின்னும் ஒளிப்பதிவில் ஒப்பிட்ட லைட்னர், ரிச்லான் ஆகியோர், வெறும் அரங்கில் வாக்குவாதம், தள்ளுமுள்ளு, கை வீச்சு போன்ற உணர்ச்சிக் கொந்தளிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டார்கள். மத்தியஸ்தரைச் சூழ்ந்துகொண்டு முறையிடுவதும் குறைந்தது. பார்க்க ஆளில்லாத இடத்தில் நடிப்புக்கும் வேலை இல்லை.

ஆனாலும் வெறும் அரங்கு எப்போதும் அமைதியான ஆட்டத்தைத் தருவதில்லை. 2019 ஒக்டோபர் 15ஆம் திகதி பியொங்யாங்கில் வட கொரியாவும் தென் கொரியாவும் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் மோதின. பார்வையாளர் ஒருவரும் இல்லை. நேரடி ஒளிபரப்பும் இல்லை. 0 – 0 என்று முடிந்தது. காயமின்றித் திரும்பியதே பெரிய காரியம் என்று தென் கொரிய அணித் தலைவர் சொன் ஹியுங்-மின் நாடு திரும்பியதும் சொன்னார். அங்கே ஆட்டம் அவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தது.

அதே பிரிவில் இலங்கையும் இருந்தது. அதே நாளில் கொழும்பில் லெபனானிடம் இலங்கை 0 – 3 என்று தோற்றது. தொற்றினால் தள்ளிப்போன மீதி ஆட்டங்கள் 2021 ஜூனில் தென் கொரியாவின் கோயாங் நகரில் ஒரே இடத்தில் நடத்தப்பட்டன. வட கொரியா விலகிவிட்டது. அங்கே லெபனானோடு இலங்கை 2 – 3 வரை போராடியது. இரண்டு கோலையும் அடித்தவர் வசீம் ராசீக். நான்கு நாள் கழித்துத் தென் கொரியாவிடம் 0 – 5 தோல்வி. அட்டவணைப்படி அந்த இரண்டாவது ஆட்டம் இலங்கையின் சொந்த மைதான ஆட்டம். ஆடியதோ எதிரணியின் நாட்டில். பார்வையாளர் வந்த கொழும்பைவிட ஆள் குறைந்த கோயாங்கில் லெபனானோடு நன்றாக ஆடியதால் கூட்டம் இலங்கைக்குச் சுமை என்று முடிவுகட்ட முடியாது. இடையில் பயிற்றுநர் மாறியிருந்தார். பாக்கிர் அலியின் இடத்துக்கு அமிர் அலாகிச் வந்திருந்தார்.

பழக்கம் என்ற காரணி

ஜேர்மனியின் முதல் மூன்று பிரிவுகளையும் சேர்த்து ஆராய்ந்த கய் பிஷரும் யுஸ்டுஸ் ஹவுகப்பும் ஒரு புதிருக்கு விடை கண்டார்கள். சொந்த மைதான அனுகூலம் முதற் பிரிவில் சரிந்தது. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் சரியவில்லை. கூட்டம் எவ்வளவு குறைந்தது என்பதே காரணம் என்கிறார்கள். நிறைந்த அரங்குக்குப் பழகிய அணிக்கு வெறும் அரங்கு அதிர்ச்சி. பாதி காலியான அரங்கில் ஆடி வளர்ந்த அணிக்கு முழுவதும் காலியான அரங்கு பெரிய புதுமை அல்ல. டானியல் வுண்டர்லிக் குழுவினர் அடிமட்டக் கழக ஆட்டங்களையும் பார்த்தார்கள்: பார்வையாளர் இல்லாமலே ஆடும் நிலையிலும் சொந்த மைதானத்துக்கு ஓர் அனுகூலம் மிஞ்சியிருந்தது. தரை, பயணம், பழக்கம் ஆகியவற்றுக்கும் தனிப் பங்கு உண்டு. தன் மைதானத்தில் ஆடும் வீரர்களின் உடலில் டெஸ்ரோஸ்ரெரோன் சுரப்பு கூடுவதாக 2003இல் நீவ், வொல்ஃப்சன் இருவரும் கண்டிருந்தார்கள். தன் இடத்தைக் காக்கும் உணர்வு அது என்பது அவர்களின் விளக்கம்.

பக்கத்து நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தியன் சுப்பர் லீக்கின் 2020–21 பருவம் முழுவதும் கோவாவின் மூன்று அரங்குகளில், பூட்டிய கதவுகளுக்குள் நடந்தது. கொச்சியில் மஞ்சள் உடுத்த ரசிகர் கடலுக்குப் பழகிய கேரளா பிளாஸ்ரர்ஸ் 11 அணிகளில் பத்தாவதாக முடித்தது. அடுத்த பருவமும் அதே கோவா, அதே வெறுமை. ஆனால் இவான் வுகொமனோவிச் என்ற புதிய பயிற்றுநரின் கீழ் அதே கழகம் இறுதிப் போட்டி வரை வந்தது. 2022 மார்ச் 20ஆம் திகதி அந்த இறுதிப் போட்டிக்குக் கதவு திறக்கப்பட்டது; ஃபத்தோர்டா அரங்கு மஞ்சளால் நிறைந்தது. 1 – 1 சமனிலைக்குப் பின் பெனால்டியில் ஹைதராபாத் வென்றது. ரசிகர் இல்லாமல் ஏறிய அணி, ரசிகர் வந்த நாளில் கிண்ணத்தை இழந்தது. அணியின் தரம், பயிற்சி, திட்டம் ஆகியவற்றின் முன்னால் கூட்டத்தின் பங்கு சிறிதாகவும் இருக்கலாம் என்பதை இது நினைவூட்டுகிறது.

யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியொன்றும் இதையே காட்டியது, விளையாட்டு கிரிக்கெட்தான். 2020இல் லங்கா பிரீமியர் லீக் ஹம்பாந்தோட்டையில் பார்வையாளர் இல்லாமல் நடந்தபோது கிண்ணத்தை வென்றது ஜவ்னா ஸ்டாலியன்ஸ். டிசம்பர் 16ஆம் திகதி இறுதிப் போட்டியில் காலி அணியை 53 ஓட்டங்களால் தோற்கடித்தது. யாழ். மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்தத் தொடரில்தான் முதன்முதலாக அந்த மட்டத்தில் பந்து வீசினார். ஊரே பார்த்திருக்க வேண்டிய காட்சியை ஊர் தொலைக்காட்சியில் பார்த்தது.

குடாநாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

இங்கு யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை, தீவகம் என்று லீக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே கழகங்களே நடத்தும் கிண்ணப் போட்டிகள் ஏராளம். ஒரு கழகம் தன் மைதானத்தில் நடத்தும் போட்டிக்குப் பல ஊர் அணிகள் வருகின்றன. இறுதிப் போட்டியில் மோதும் இரண்டு அணிகளுக்கும் அது சொந்த மைதானமாக இல்லாமலும் போகலாம். ஆகவே ஐரோப்பிய அர்த்தத்தில் சொந்த மைதான அனுகூலம் இங்கே எளிதில் கணக்கில் வராது. எந்த ஊர் அதிகம் பேரை ஏற்றி வந்தது என்பதே இங்கு அனுகூலம்.

வலிகாமம் வடக்கு இதற்கு ஒரு படி மேலே போன உதாரணம். 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. ஊர் இல்லாத அந்த ஆண்டுகளிலும் மயிலிட்டி கண்ணகி என்ற பெயர் குடாநாட்டின் ஆட்ட அட்டவணைகளில் இருந்தது. அங்கே மைதானம் போயிருந்தது; கூட்டம் போகவில்லை. கோவாவில் வெறும் அரங்கில் ஆடிய அணிகளுக்கு நேரெதிரான நிலை இது. சொந்தத் தரை இல்லாத அணியைத் தாங்கி நிறுத்தியது முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறியிருந்த அந்த ஊர்ச் சனந்தான். கூட்டம் ஓர் ஆட்டத்தின் முடிவை மாற்றாமல் போகலாம். ஒரு கழகம் இருக்குமா அழியுமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. எந்த ஆய்வின் அட்டவணையிலும் இந்தக் கணக்கு இல்லை.

அதனால் கூட்டத்தைக் குறைப்பது தீர்வல்ல. ரசிகர் குழப்பம் செய்தால் பார்வையாளர் இல்லாமல் ஆட வைப்பது சர்வதேச அளவில் வழக்கமான தண்டனை. டிக்கெட் காசிலும் ஊர் நன்கொடையிலும் ஓடும் கழகங்களுக்கு அது கழுத்தை நெரிக்கும். குழப்பம் செய்யாத நூற்றுக்கணக்கானவர்களையும் வெளியே தள்ளும். ஆய்வுகள் காட்டும் வழி வேறு: கூட்டம் முதலில் பாதிப்பது மத்தியஸ்தரை, பாதிப்பின் அளவைக் கூட்டுவது நெருக்கம். அப்படியானால் செய்ய வேண்டியது மத்தியஸ்தருக்கும் கூட்டத்துக்கும் நடுவே இடம் விடுவதுதான்.

யாழ். துரையப்பா விளையாட்டரங்கு, இந்திய உதவியில் திருத்தப்பட்டு 2016 ஜூன் 18ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. தடகளப் போட்டிகளும் நடக்கும் இடமாதலால் அங்கே அந்த இடைவெளி இயல்பாக இருக்கிறது. ஊர் மைதானங்களில் இல்லை. கோட்டிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவதற்குப் பெரிய செலவு கிடையாது. துணை மத்தியஸ்தர் கொடி பிடித்து ஓடும் பாதையில் ஒருவரும் நிற்கக் கூடாது என்ற ஒரு விதி, எத்தனையோ ஓவ்சைட் தகராறுகளைத் தொடங்குமுன்பே நிறுத்தும். வர்ணனையாளரும் மத்தியஸ்தரின் தீர்ப்பை ஒலிபெருக்கியில் விமர்சிக்காமல் இருக்க வேண்டும். அந்தக் குரல் கூட்டத்தின் குரலைப் பன்மடங்காக்குகிறது.

பழக்கத்தைப் பற்றிய கண்டுபிடிப்பு இன்னொரு பக்கமும் வெட்டும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி அகில இலங்கைப் பாடசாலை மட்டத்தில் பலமுறை கிண்ணம் வென்றது. குடாநாட்டில் பெண்கள் உதைபந்தாட்டத்தின் தரம் பற்றி இனி ஐயம் எழுப்ப இடமில்லை. ஆனால் பெண்கள் ஆட்டத்துக்கு ஊர் திரண்டு வருவது அரிது. பெற்றோரும் ஆசிரியரும் சக மாணவிகளும் மட்டும் நிற்கும் மைதானத்தில் ஆண்டுக்கணக்காக ஆடுகிற பிள்ளைகள், பெரிய இறுதிப் போட்டியில் நிறைந்த அரங்கை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். வெறும் அரங்கு லிவர்பூலுக்கு எவ்வளவு அந்நியமோ, நிறைந்த அரங்கு அவர்களுக்கு அவ்வளவு அந்நியம். தொற்றுக் காலம் ஐரோப்பாவுக்கு ஓர் ஆண்டு காட்டிய வெறுமையை இந்தப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறார்கள்.

லீக் நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. வரும் பருவத்தில் ஒவ்வொரு மைதானத்திலும் பக்கக் கோட்டிலிருந்து கூட்டத்தைத் தள்ளி நிறுத்தக் கயிறு கட்டுங்கள். ஆண்களின் இறுதிப் போட்டி நடக்கும் அதே நாளில், அதே மைதானத்தில், அதற்கு முன் ஒரு பெண்கள் ஆட்டத்தை வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஒரு மணித்தியாலம் முன்னதாக வாருங்கள். வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று, தொண்டை வறளும் வரை கத்துங்கள்.